மரை நக்கும் மண்

பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் தொடங்குகிறேன். மாட்டின் கழுத்தில் மயிர் மழித்துப் பழகிய கை இது. பேனை பிடித்துப் பழகியதல்ல. பிழை இருந்தால் வாசிக்கிற பிள்ளைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு முற்றத்தில், அஸர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்திருந்த ஒரு பின்னேரம் றிஸ்னா வந்தாள். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற மிருக வைத்திய அலுவலகத்தில் இப்போது உத்தியோகத்தராக இருக்கிற பிள்ளை. எங்கள் தெருதான். கடல் காற்றில் அவளுடைய முந்தானை படபடத்துக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“சாச்சா, இதக் கொஞ்சம் பாருங்க.”

இப்போது காட்டோரத்து மரங்களில் கமரா கட்டி வைக்கிறார்களாம். சீவராசி ஏதும் குறுக்கே போனால் அது தானாகவே படம் பிடிக்குமாம். எங்கள் காலத்தில் அந்த வேலையைச் செய்தது எங்கள் கண்தான். படத்தில் பனி. பனிக்குள்ளே ஒரு மரை, மான் சாதியில் பெரியது, தலையைக் குனிந்து நிலத்தை நக்கிக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் இரண்டு புள்ளிமான். பின்னால் நிழல் மாதிரி ஓர் எருமை. எல்லாம் குனிந்த தலை. பள்ளிவாசலில் ஸுஜூதுக்குப் போகிறவர்கள் மாதிரி.

“அந்த இடத்துல ஒண்டுமே இல்ல சாச்சா. புல்லுமில்ல, தண்ணியுமில்ல. வெறும் மண்ணு. அப்ப ஏன் எல்லாம் வந்து அதயே நக்குது?”

படத்தின் ஓரத்தில் உடைந்த சீமெந்துத் துண்டு ஒன்று புல்லுக்குள் கிடந்தது. அதைக் கண்டதும் என் நெஞ்சுக்குள் ஏதோ தண்ணீர் ஊறுவது மாதிரி இருந்தது.

“இரு மகள்,” என்றேன். “அது பெரிய கதை.”

“அப்ப எழுதித் தாங்களன். அலுவலகத்துக்குப் புதுசா வந்த ஆக்களுக்கும் காட்டலாம்.”

“எட்டாம் வகுப்புக்காரன் எழுதினா ஆரு மகள் வாசிக்கிற?”

“நீங்க கதைக்கிற மாதிரியே எழுதுங்க. நான் வாசிக்கிறன்.”

அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடைய வாப்பா கடலுக்குப் போனவர். எனக்கும் கடலுக்கும் ஒத்துவரவில்லை. வள்ளம் ஆடினால் என் வயிறும் சேர்ந்து ஆடும். “இவன் தரையில மேயுற சாதி” என்று வாப்பா சிரிப்பார். அவர் வாய் பலித்தது. மிருக வைத்திய அலுவலகத்தில் தொழிலாளியாகச் சேர்ந்து, கயிறு போடவும் ஊசி கழுவவும் ஐஸ் பெட்டி சுமக்கவும் படித்து, பிறகு கள உதவியாளர் ஆனேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாட்டுக்குப் பின்னால் நிற்கக் கூடாது, மாட்டுக்காரனுக்கு முன்னால் அவனுடைய மாட்டைக் குறை சொல்லக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். உதை வாங்கித்தான் இரண்டையும் படித்தேன்.

என் வேலைக்கு உயிர் வந்தது டொக்டர் சிவமலர் வந்த பிறகுதான். பாண்டிருப்பு ஆள். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல். மாட்டுப்பட்டிக்குள் போகும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நீளச் சப்பாத்தை மாட்டிக்கொள்வார். மாட்டைத் தொடுவதற்கு முதல் அதன் பெயரைக் கேட்பார். “இவட பேரென்ன?” என்று கேட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பிறகுதான் கை வைப்பார். மாட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, பெயர் இல்லாத மாடுகளுக்கும் அவசரமாகப் பெயர் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. கெட்ட செய்தியை நின்றுகொண்டு சொல்ல மாட்டார். கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, அந்த வீட்டில் தருகிற பிளேன்டீயைக் குடித்து முடித்து, கோப்பையை வைத்த பிறகுதான் வாய் திறப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். என்னை அவர் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

“நோயக் கையில வச்சிக்கொண்டு நோயப் பத்திக் கதைக்கப்படாது காக்கா. அவங்கட வீட்டுத் தண்ணியக் குடிச்சிட்டுச் சொன்னா, நாமளும் அந்த வீட்டாள் எண்டு நெனப்பாங்க.”

காட்டில் செத்துக் கிடக்கிற சீவன்களை அறுத்துப் பார்க்கும் வேலை அவர் வந்த பிறகுதான் எங்களுக்குக் கூடியது. வனவிலங்குக் காவலர்கள் செய்தி அனுப்புவார்கள். மோட்டார் சைக்கிளில் சம்மாந்துறை வயல்களைத் தாண்டி, வீரமுனையைத் தாண்டி, வாய்க்கால் கட்டு வழியே மேற்கே போவோம். வயல் முடிகிற இடத்தில் காடு கனவு மாதிரித் தொடங்கும். இன்ன இடத்தில் தொடங்கியது என்று சொல்ல முடியாது. திரும்பிப் பார்த்தால் பின்னாலும் மரமாக இருக்கும்.

ஒருமுறை செத்துக் கிடந்தது காட்டுப் பண்டி. நான் எட்டடி தள்ளி நின்றேன். டொக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“காக்கா, நீங்க இதத் தொட வேணாம். குடையப் பிடிங்க, காணும்.”

“கைய நீட்டினா குடை வரும் டொக்டர். கிட்ட வரச் சொல்லாதீங்க.”

“சரி, சரி. தொழுகைக்கு ஒழு எடுத்த ஆள். அங்க நிண்டே வெயில மறைங்க பாப்பம்!”

அப்படியே நின்றேன். குடையின் நிழல் அவர் மீதும் விழவில்லை, பண்டி மீதும் விழவில்லை. நடுவில் புல்லில் விழுந்து கிடந்தது. இருவரும் சிரித்தோம். அந்தப் பண்டியில் நோய் எதுவும் இருக்கவில்லை.

நோய் இருந்தது ஒரு மரையில்.

காட்டோரக் குளம் ஒன்று வற்றிச் சேறாகக் கிடந்த பருவம். சேற்றின் ஓரத்தில் அது கால்களை மடித்துப் படுத்திருந்தது, உறங்குகிற மாதிரி. விலா எலும்பை எண்ணலாம். டொக்டர் தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். பிறகு தொண்டையைத் திறந்தார், பிறகு நெஞ்சை. கழுத்து நிணக்கட்டிகள் வீங்கியிருந்தன. கத்தியால் வகுந்தபோது உள்ளே வெள்ளையாக, இறுகிய தயிர் மாதிரி இருந்தது. கத்தி பட்ட இடத்தில் மணல் உரசுகிற சத்தம் வந்தது. நுரையீரலிலும் அதே தயிர்.

எங்கள் பக்கம் எருமைத் தயிருக்குப் பேர் போன இடம். அன்றிலிருந்து கன நாள் என்னால் தயிர்ச் சட்டியைப் பார்க்க முடியவில்லை.

“காசநோய் போல கிடக்கு,” என்றார் டொக்டர் மெதுவாக. முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. “மாட்டுச் சாதிக்கு வாற காசநோய். சோதிச்சுத்தான் சொல்லலாம்.”

காசநோய் என்றால் மனிசருக்கு வருவது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். மாட்டுக்கும் ஒன்று இருக்கிறது, அது மாட்டிலிருந்து மானுக்கும், மானிலிருந்து மாட்டுக்கும், காய்ச்சாத பாலில் மனிசருக்கும் போகும் என்று அந்தச் சேற்றங்கரையில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். கட்டிகளைத் துண்டு துண்டாகப் போத்தலில் இட்டு, பேர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தோம். மரையை ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு போட்டோம். சோதனை முடிவு வந்தபோது டொக்டர் சொன்னது சரியாக இருந்தது.

அந்தக் குளத்துக்குக் கிட்டிய பட்டி உதுமாலெப்பைப் போடியாருடையது. போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் வயலும் மாடும் உள்ள பெரிய மனிசர். வயலில் விதைப்பு நடக்கும்போது மாடுகளைக் காட்டோரத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே பட்டியைப் பார்த்தவர் கணவதி. வீரமுனைக்காரர், இளமையிலிருந்து போடியாரோடு இருப்பவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏசாமல் கதைத்ததை நான் கண்டதில்லை. ஆனால் ஒருவர் இல்லாமல் மற்றவர் சாப்பிட்டதையும் கண்டதில்லை.

மாடுகளைச் சோதிக்கும் முறையைப் புதுப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். இப்போது மெசின்கள் வந்திருக்கலாம், கை வேலை மாறவில்லை. மாட்டைக் கட்டி, கழுத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு இடத்தில் மயிரை மழிக்க வேண்டும், ஒன்று மேலே, ஒன்று கீழே. அது என் வேலை. தோலைக் கிள்ளிப் பிடித்து அளவுக் கவையால் அதன் தடிப்பை அளப்பது டொக்டர். பிறகு ஊசி. மருந்து தோலுக்கு அடியில் போகக் கூடாது, தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். சரியாகப் போனால் விரல் நுனியில் சின்னப் பயறு மாதிரி ஒரு முட்டுத் தெரியும். மேலே போடுவது பறவைகளில் காணும் வகைக்கு, கீழே போடுவது மாட்டு வகைக்கு. மூன்றாம் நாள் வந்து திரும்ப அளக்க வேண்டும். கீழ் வீக்கம் மேல் வீக்கத்தை விட நன்றாகப் பெருத்திருந்தால் அந்த மாட்டை விலக்கத்தான் வேண்டும்.

கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. டொக்டர் ஒவ்வொரு மாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு முதலில் விரலால் தடவுவார். பிறகுதான் கவையை எடுப்பார். கண் ஆசைப்படும், விரல் ஆசைப்படாது என்பார்.

மூன்றாம் நாள் சில மாடுகளின் கழுத்தில் கீழ் வீக்கம் கொழுக்கட்டை மாதிரி எழும்பி நின்றது. டொக்டர் கை கழுவினார். கணவதியின் கொட்டிலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் தேத்தண்ணி ஊற்றக் குனிந்தபோது கழுத்துத் துவாய் நழுவியது. காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில், எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி.

டொக்டர் கோப்பையை வாங்கவில்லை.

“அண்ணன், இது எவ்வளவு காலமா இருக்கு?”

“இதா? இது ஒண்டுமில்ல டொக்டர். நோகாது. பனிக்குப் பிடிச்ச கட்டி.”

“பால் எப்பிடிக் குடிக்கிறீங்க?”

“எப்பிடிக் குடிக்கிற? பீச்சின சூட்டோட. நுரை அடங்க முதல் குடிச்சாத்தான் அது பால். அடுப்பில வச்சா வெள்ளத் தண்ணி.”

டொக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே மரையின் தொண்டை எனக்குத் திரும்பவும் தெரிந்தது.

மறுநாளே கணவதியை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதித்தார்கள். காசநோய்தான். மாட்டிலிருந்து வந்திருக்கக் கூடும் என்றார்கள். குளிசை மாதக்கணக்கில் போட வேண்டும், ஒரு நாளும் தவறக் கூடாது.

இனிப் போடியாரிடம் சொல்ல வேண்டும். அவருடைய வீட்டில் டொக்டர் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். கோப்பையை வைத்தார். மாடுகளைப் பற்றிச் சொன்னார். அறுத்துப் புதைக்க வேண்டும், இறைச்சிக்கு எடுக்க ஏலாது என்றார்.

போடியார் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போடுவார் என்று நான் நினைத்தேன். போடவில்லை.

“அல்லாஹ் தந்தான், எடுக்கிறான். கொண்டு போங்க புள்ள. கணவதிட கழுத்த மட்டும் சுகமாக்கித் தாங்க.”

டொக்டர் இன்னும் எழும்பவில்லை. எனக்கு விளங்கியது, கெட்ட செய்தி இனித்தான் வரப்போகிறது.

“போடியார், அந்தத் தொட்டியையும் எடுக்க வேணும்.”

எந்தத் தொட்டி என்று சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. போடியாருடைய மனைவி நோயாகக் கிடந்த கடைசி நாட்களில் அவவுக்குத் தாகம் அடங்கவேயில்லை. கரண்டியால் ஊட்டிய தண்ணீரும் வெளியே வந்துவிடுமாம். அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “காட்டுப் பக்கத்துல வாயில்லாச் சீவனுகள் தவிக்கும். என்ட பேருல தண்ணி வெச்சி உடுங்க” என்று சொன்னாவாம். அவ மௌத்தான பிறகு போடியார் பட்டிக்குப் பக்கத்தில் குழாய்க்கிணறு அடித்து, நீளமாகச் சீமெந்துத் தொட்டி கட்டினார். தண்ணீர் மட்டும் போதாது என்று, குடைந்த மரத்தில் கல்லுப்பும் வைத்தார். மாடு நக்க, மான் நக்க, யாரும் வந்து நக்கலாம். வேலி இல்லை. சதக்காவுக்கு, தர்மத்துக்கு, யாராவது வேலி போடுவார்களா? ஈரலுள்ள எந்தச் சீவனுக்குத் தண்ணீர் கொடுத்தாலும் கூலி உண்டு என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த மனிசர்கள் நாங்கள். குளம் வற்றும் பருவத்தில் காடு முழுக்க அந்த ஒரு வாய்த் தண்ணீருக்கும் ஒரு நாக்கு உப்புக்கும் வந்தது. நோயும் அதே பாதையால் வந்தது.

டொக்டர் அதைத்தான் சொன்னார். ஒரே தொட்டி, ஒரே உப்பு, எச்சில் மேல் எச்சில்.

“மாட்டுலேருந்து மானுக்குப் போனதா? மானுலேருந்து மாட்டுக்கு வந்ததா?” போடியார் கேட்டார்.

“அது தெரியாது போடியார். ஆர் முதல் எண்டு இனிச் சொல்ல ஏலாது. மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கு. சந்திக்கிற இடத்தைத்தான் நிப்பாட்டலாம்.”

போடியார் தலைப்பாகையை எடுத்துத் திரும்பத் தலையில் வைத்தார்.

“மாட்டக் கேட்டீங்க, தந்தன். இன்னும் வேணுமெண்டாலும் கேளுங்க. அவட தண்ணியக் கேக்காதீங்க புள்ள. அது என்ட இல்ல. அவட.”

அதோடு எழும்பி உள்ளே போய்விட்டார்.

சட்டம் பேசியிருக்கலாம். பொலிசைக் கூட்டிப் போயிருக்கலாம். டொக்டர் அப்படிச் செய்கிறவர் அல்ல. திரும்பி வரும் வழியில் வாய்க்கால் கட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தச் சொன்னார். கொக்குகள் வயலில் வெள்ளைத் துணி காயப் போட்ட மாதிரி நின்றன.

“காக்கா, போடியார் அந்தத் தொட்டிக்கு எந்த நேரத்தில போவார்?”

“லுஹருக்கு முன்ன பின்ன. உப்புப் போடப் போவார்.”

“அப்ப அங்க ஆர் வாறாங்க எண்டு அவர் கண்டிருக்க மாட்டார்.”

“காண மாட்டார். உச்சி வெயிலுக்கு ஒண்டும் வராது.”

“ஒரு விடியக் காலையில கூட்டி வருவீங்களா? அவட தண்ணிய ஆர் குடிக்கிற எண்டு பாக்க வாங்க எண்டு சொல்லுங்க. வேற ஒண்டும் சொல்ல வேணாம்.”

சொன்னேன். வந்தார். யானைக் காவலுக்கு மரத்தில் கட்டிய பரண் ஒன்று தொட்டிக்கு நேரே இருந்தது. ஸுபஹைக் கீழே புல்லில் தொழுதோம். பிறகு ஏணி வழியே ஏறினோம். போடியார் ஒவ்வொரு படிக்கும் ஒரு “யா அல்லாஹ்” சொன்னார். டொக்டர் முதலே ஏறி, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவதிக்கு ஒன்றும் தெரியாது. பட்டிக் கொட்டிலில் இருந்தார்.

அந்தக் காலை இன்னும் என் கண்ணுக்குள் கிடக்கிறது. சில நேரம் தொழுகைப் பாயில் இருக்கும்போதும் வந்து நிற்கும். நிலம் தெரியவில்லை. பனி மட்டும் முழங்கால் உயரத்தில் பால் மாதிரி பரவிக் கிடந்தது. அந்தப் பாலுக்குள்ளிருந்து முதலில் கொம்புகள் வந்தன. உடம்பு இல்லாத கொம்புகள். பிறகு அவற்றுக்குக் கீழே மான்கள் உண்டாகின. ஒன்று, நாலு, ஒரு கூட்டம். மயில் ஒன்று தொட்டி விளிம்பில் ஏறி நின்று குனிந்து குடித்தது. காட்டெருமைகள் கறுப்பாக, சத்தமில்லாமல், மலை நகர்வது மாதிரி வந்தன. நாங்கள் மூச்சு விடவில்லை. தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும். அத்தனை நாக்கும் தண்ணீரில் படுகிற சத்தம் ஓதுகிற சத்தம் போல இருந்தது.

போடியாருடைய தாடியில் கண்ணீர் வழிந்தது.

“சுப்ஹானல்லாஹ்,” என்றார் என் காதுக்குள். “இவ்வளவு பேரா தம்பி? அவ பாத்தா…”

நான் டொக்டரைப் பார்த்தேன். காரியம் கெட்டது என்று நினைத்தேன். இந்தக் காட்சியைக் கண்டவர் இனித் தொட்டியைத் தருவாரா? டொக்டர் அசையவில்லை. விரலை மட்டும் காட்டினார்.

மரை ஒன்று தனியாக வந்தது. மெலிந்தது. மற்றவை விலகி வழி விட்டன. அது குடித்தது, நிறுத்தியது, இருமியது. மிருகம் இருமுவதை அதற்கு முதல் நான் அவ்வளவு கிட்டக் கேட்டதில்லை. கிழவர் இருமுவது மாதிரியே இருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தண்ணீரில் விழுந்தது. பிறகு உப்பு மரத்துக்குப் போய், நீளமாக, ஆசையாக நக்கியது. திரும்பவும் இருமியது. பிறகு பனிக்குள் இறங்கிக் கரைந்து போனது.

வெளிச்சம் வந்தது. காட்டுச் சீவன்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. கணவதி பட்டியைத் திறந்துவிட்டார். மாடுகள் ஓடி வந்து அதே உப்பில் நாக்கை வைத்தன. கன்றுகள் முட்டி மோதிக்கொண்டு அதே தண்ணீரில் வாய் வைத்தன. பின்னால் கணவதி வந்தார். கழுத்தில் துவாய், கையில் வேப்பங்குச்சி. பல்லை விளக்கிக்கொண்டே தொட்டிக்குக் குனிந்தார். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார். வாய்க்குக் கிட்டக் கொண்டு போனார்.

“கணவதி! குடியாத!”

பரண் அதிர்ந்தது. குளத்தங்கரைக் கொக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. கத்தினது போடியார்.

கணவதி தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு மேலே பார்த்தார். மரத்தில் எங்கள் மூன்று பேரையும் கண்டு வாயைப் பிளந்தார்.

“என்ன போடியார், மரத்தில? குரங்குக்கும் ஊசி போடப் போறீங்களோ?”

யாரும் சிரிக்கவில்லை. போடியார் பரணின் கம்பைப் பிடித்துக்கொண்டு தன் வாயையே கையால் பொத்தியிருந்தார். அந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்று சொன்னது அவருடைய வாய்தான்.

கீழே இறங்கியதும் போடியார் தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். விளிம்பைத் தடவினார். பிறகு கேட்டார்.

“அலவாங்கு இரிக்கா?”

“இருக்கு,” என்றார் கணவதி. “ஏன்?”

“கொண்டா.”

“எதுக்கெண்டு சொல்லுங்களன்.”

“கொண்டாடா எண்டா கொண்டா! பாதையில கிடக்கிற முள்ள எடுத்துப் போடுறதும் தர்மந்தானே? அவ அதுக்கும் சம்மதிப்பா.”

அலவாங்கு என்கிற கடப்பாரையால் முதல் குத்தை அவரே போட்டார். கிழவர் கை, சீமெந்து அசையவில்லை. இரண்டாவதையும் அவரே போட்டார். பிறகு கணவதி வாங்கினார், பிறகு நான். தொட்டி வெடித்துத் தண்ணீர் மண்ணில் ஓடியபோது போடியார் அதன் முன்னால் நின்று கையை ஏந்தி என்னமோ ஓதிக்கொண்டிருந்தார். உப்பு மரத்தை எரித்தோம். குழாய்க்கிணற்றை வேலிக்குள் எடுத்து, மாடுகளுக்கு மட்டும் தனித் தொட்டி, உப்பு அடைப்புக்குள்ளே என்று மாற்றினோம். காட்டுச் சீவனுக்குக் குளம், அல்லாஹ்வுடைய மழை. பால் காய்ச்சாமல் குடிப்பதில்லை என்று கணவதியிடம் சத்தியம் வாங்கினோம்.

“எனக்கும் மாட்டுக்கும் ஒரே நோயாம், ஒரே டொக்டராம்,” என்றார் கணவதி போடியாரிடம். “இனி என்னையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு மழிச்சுத்தான் விடப் போறா.”

“உனக்கு மழிக்க என்ன கிடக்கு, மொட்டையா!”

இதற்குப் பிறகு அந்தப் பட்டியைத் திரும்பத் திரும்பச் சோதித்தோம். முதலில் இன்னும் ஒன்றிரண்டில் வீக்கம் வந்தது. பிறகு வரவில்லை. அந்த இருமிய மரையைப் பற்றி ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. காடு எல்லாவற்றையும் சொல்வதில்லை. நோய் காட்டிலிருந்து போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் பிள்ளைகளே, நீங்கள் இன்னும் கமரா கட்டுகிறீர்கள்.

கணவதி மாதக்கணக்காகக் குளிசை விழுங்கினார். அதைச் சிகிச்சை நிலையத்து ஆட்களின் கண் முன்னே விழுங்க வேண்டும். பல நாட்கள் போடியார்தான் கூட்டிப் போனார், கணவதி தானாக ஒழுங்காகப் போவார் என்ற நம்பிக்கை இல்லாமல். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, கையில குளிசைய வெச்சிக்கிட்டு சனம் தண்ணிப் போத்தல் தேடுது, கண்டாயா?” என்று கேட்டார். கொஞ்ச நாளில் சிகிச்சை நிலைய முற்றத்தில் நிழல் போட்டு ஒரு குடிதண்ணீர்க் குழாய் வந்தது. பேர்ப்பலகை வைக்கப் போடியார் விடவில்லை. கணவதி மட்டும் குளிசையைப் போட்டு அண்ணாந்து குடித்துவிட்டு, “அக்காட தண்ணி” என்பார். அவர் கழுத்துக் கட்டி வற்றியது. சின்னத் தழும்பு ஒன்று இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், ஆள் இன்னும் இருக்கிறார்.

டொக்டர் மாற்றலாகிப் போனார். நானும் ஓய்வு பெற்றேன். தொட்டிக் கதை முடிந்தது என்றுதான் இருந்தேன். றிஸ்னா படத்தைக் காட்டிய அன்று முடியவில்லை என்று தெரிந்தது. அத்தனை வருடம் உப்பு கரைந்து கரைந்து அந்த மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. தொட்டியை உடைத்தோம், மரத்தை எரித்தோம். மண்ணை யார் நினைத்தார்கள்? மழை கழுவிய மிச்சத்தைச் சீவன்கள் நக்கி நக்கிக் குழியாக்கியிருக்கின்றன.

“மாடு அங்கால போறல்லதானே?” என்று கேட்டேன்.

“வேலி இரிக்கி சாச்சா. ஆனா காட்டுச் சீவன் எல்லாம் ஒரே குழியில வாய் வெச்சா, அதுகளுக்குள்ளேயே நோய் சுத்தும். அந்த உப்பு மண்ண வெட்டி எடுத்துட்டு, புது மண் போட்டு மூட வேணும்.”

பிள்ளை சரியாகத்தான் சொன்னாள். ஆனால் போடியார் இன்னும் ஹயாத்தோடு இருக்கிறார். கண் மங்கிவிட்டது, நடை இல்லை. அவரிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில் போய் அவருடைய கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் மகள் தந்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுச் சொன்னேன்.

போடியார் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

“இன்னமும் வருதா தம்பி?”

“வருது போடியார். மான், மரை, எருமை, எல்லாம்.”

“விடியவா?”

“விடிய. பனிக்குள்ள.”

சிரித்தார். பல் இல்லாத வாய். கண் எங்கேயோ பார்த்தது. அவர் அந்தப் பரணில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“என்னக் கூட்டிப் போ,” என்றார். “மூடுற அண்டைக்கு.”

ஆட்டோவில் கணவதியும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு போனோம். வழி முழுக்க அவர்கள் ஏசிக்கொண்டே வந்தார்கள். றிஸ்னாவும் அவளுடைய ஆட்களும் உப்பு மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, புது மண்ணைக் குவித்து வைத்துக் காத்திருந்தார்கள். போடியாரைக் கதிரையில் வைத்துக் குழியின் ஓரத்துக்குத் தூக்கிப் போனோம். அவர் குனிய முடியாமல் கையை நீட்டினார். கணவதி விளங்கிக்கொண்டு புது மண்ணை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

எங்களில் மையித்தை அடக்கும்போது நிற்கிறவர்கள் மூன்று பிடி மண் போடுவார்கள். போடியார் ஒரு பிடி போட்டார். உதடு அசைந்தது. இரண்டாம் பிடி போட்டார். மூன்றாம் பிடியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு நுனி விரலால் அதில் கொஞ்சத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பில்ல,” என்றார்.

மண்ணை விட்டார்.